கம்ப்யூட்டரை அணைத்த பின்னும் எரியும் விளக்கு

கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி வந்தபின், "போர்டு லைட்டைப் போட்டோமா?" என்று யோசிக்காத வணிகர் இருக்க மாட்டார். இந்தக் கவலைக்கு அமெரிக்கர்கள் 1980-களிலேயே வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டு ஒரு வழி கண்டார்கள். இன்று நம்மிடம் விற்க வரும் 'ஸ்மார்ட்' சாமான்களை நிறுத்துப் பார்க்க அந்தப் பழைய ஏற்பாடு நல்ல எடைக்கல்.

அதன் பெயர் எக்ஸ்-10. ஸ்காட்லாந்தின் பைகோ எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியார் 1975-ல் உருவாக்கியது. 1978-ல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. தனி ஒயரிங் வேண்டாம். வீட்டில் உள்ள கரண்ட் ஒயரிலேயே சிக்னலும் போகும். விளக்குக்கும் பிளக்குக்கும் நடுவே ஒரு சிறு பெட்டி. அதற்கு ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் கொண்ட விலாசம். எழுத்து 16, எண் 16, ஆக 256 விலாசங்கள்.

இந்தப் பெட்டிகளுக்குக் கட்டளை அனுப்பும் கருவி சி.பி.290. அதைக் கமடோர் 64 கம்ப்யூட்டருடன் இணைத்தார்கள். 1982-ல் வெளிவந்த அந்தக் கம்ப்யூட்டரின் நினைவகம் 64 கிலோபைட்தான். (நாம் செல்போனில் எடுக்கும் ஒரு பில்லின் படமே அதைவிடப் பெரிது!) இணைப்பு யூசர் போர்ட் வழியாக, வேகம் விநாடிக்கு 600 பிட். ஒவ்வொரு கட்டளைக்கும் முன் ஒரே மாதிரியான 16 பைட்டுகளை அனுப்ப வேண்டும், கதவைத் தட்டிவிட்டுப் பேசுவதுபோல. பழம்பொருள் ஆர்வத்தில் இன்று இதைச் செய்து பார்ப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூசர் போர்ட்டின் சிக்னல் 0 முதல் 5 வோல்ட் வரை, சாதாரண ஆர்.எஸ்.232 சிக்னலோ பிளஸ், மைனஸ் இரண்டிலும் ஓடும். நடுவே மாற்றித் தரும் சர்க்யூட் இல்லாமல் நேராகச் சேர்த்தால் கம்ப்யூட்டர் பழுதாகலாம்.

என் கண்ணில் பெரிதாகப் படுவது வேறு. எந்த நாள், எந்த நேரம், எந்த விளக்கு என்று 128 உத்தரவுகளை சி.பி.290 தன்னிடமே வைத்துக்கொள்ளும். உள்ளே சொந்தக் கடிகாரம், கரண்ட் போனால் தாங்க 9 வோல்ட் பேட்டரி. எழுதி முடித்ததும் கம்ப்யூட்டரைக் கழற்றி வைத்துவிடலாம். முதலாளி ஊரில் இல்லாவிட்டாலும் வேலையைப் பார்க்கும் பழைய கணக்குப்பிள்ளையைப் போல. இன்றைய பல சாமான்கள் இன்டர்நெட் போனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கின்றன. வாங்குமுன் நெட்டைத் துண்டித்து, டைமர் வேலை செய்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள்.

குறையும் உண்டு. கட்டளை போகும், விளக்கு எரிந்ததா என்ற பதில் அந்தச் சாதாரணப் பெட்டிகளிலிருந்து வராது. சரக்கை அனுப்பிவிட்டுச் சேர்ந்த தகவல் இல்லாமல் இருப்பதற்குச் சமம். மற்ற மின்சாதனங்களின் இரைச்சலில் சிக்னல் தொலைவதும் உண்டு. ஆகவே விளக்குக்குச் சரி. ஐஸ்கிரீம் ஃப்ரீஸரை இதை நம்பி விடமாட்டேன்.

அமெரிக்கச் சரக்கு அங்குள்ள 120 வோல்ட்டுக்குச் செய்தது. பழைய பெட்டி மலிவாகக் கிடைத்தாலும் நம் 230 வோல்ட் லைனில் செருகிவிடாதீர்கள்.