இளமையில் ஏற்ற முதுமை

முதுகுளத்தூர் வட்டாரம் வானம் பார்த்த பூமி. மிளகாயும் பருத்தியும் வீடு வந்து சேர்ந்தபின், ஊர்தோறும் கோயில் திருவிழா நடைபெறும். இரவு முழுவதும் நாடகம் உண்டு. அங்ஙனம் நடிக்கப்பெறும் நாடகங்களுள் சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ தலையாயது. அதில் முருகன் வேடனாகவும், பின்னர்த் தள்ளாத கிழவராகவும் வள்ளியின்முன் தோன்றுவான். ஆயினும் அம்முதுமை சிறிது பொழுதே நிற்கும். பிறகு கூன் நிமிர்ந்துவிடும்.

இருபது வயதில் புனைந்த முதுமை வேடத்தை அவ்வாறு களைய இயலாமற்போன நடிகர் ஒருவர் உண்டு. அவர் வி. கே. இராமசாமி. 1926ஆம் ஆண்டில், அந்நாளில் இராமநாதபுர மாவட்டத்தைச் சேர்ந்திருந்த விருதுநகரில் அவர் பிறந்தார்.

கதையைத் தாங்கிச் செல்பவன் தலைவன். அவனைச் சூழ்ந்து தந்தை, மாமன், வணிகன், கணக்கன் எனப் பலர் உளர். இவர்களை உயிருள்ள மாந்தராக நம் கண்முன் நிறுத்துவோரே குணச்சித்திர நடிகர். தலைவன் எப்படத்திலும் அழகனாகவே வரலாம்; குணச்சித்திர நடிகரோ படத்திற்குப் படம் வேறொருவராதல் வேண்டும்.

இக்கலைக்கு அக்காலத்தில் பள்ளியாக விளங்கியவை சிறுவர் நாடகக் குழுக்களே. அவற்றில் ‘வாத்தியார்’ சொல்லிக் கொடுக்கும் பாடல்களையும் உரையாடல்களையும் சிறுவர்கள் மனப்பாடம் செய்வர். பெண் வேடமும் அவர்களே புனைவர். ஆனால், பதின்மூன்று பதினான்கு வயதில் குரல் உடையும். அதனை ‘மகரக்கட்டு’ என்பர். இனிய குரலை நம்பியிருந்த சிறுவனுக்கு அஃது ஒரு பேரிடி. பலருக்கு நாடக வாழ்வே அத்துடன் முடிந்தது. பாட்டை இழந்தபின்னும் மேடையில் நிலைத்தவர், பேச்சாலும் நடையாலும் பிறிதொரு மனிதராக மாறக் கற்றவரே. இராமசாமியும் இளமையிலேயே நாடக மேடை ஏறிப் பயின்றவர்.

அவருடைய முதற் படம் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் தயாரித்த ‘நாம் இருவர்’. ப. நீலகண்டன் எழுதிய நாடகம் ஒன்றைத் தழுவியது அது. 1947ஆம் ஆண்டு பொங்கல் நாளில் வெளிவந்தது. அப்படம் சென்னையில் எடுக்கப்பெறவில்லை. அதே இராமநாதபுர மாவட்டத்துக் காரைக்குடியில் அமைந்த எளிய படப்பிடிப்புக் கூடத்தில் உருவாயிற்று. இருபது வயதை ஒட்டிய இராமசாமி அதில் அறுபது வயது மதிக்கத்தக்க முதியவராக நடித்தார்.

இஃது எளிய செயலன்று. மேடையில் நரைத்த பொய்ம்முடியும், முகத்தில் தீட்டிய கோடுகளும் தொலைவில் அமர்ந்திருப்போரை நம்பச் செய்யும். ஒளிப்படக் கருவியோ முகத்தருகே வந்து நிற்பது. பொய்ம்மையைப் பெரிதாக்கிக் காட்டுவது. எனவே முதுமை ஒப்பனையில் மட்டும் இருத்தல் போதாது. அமர்வதிலும் எழுவதிலும், மூச்சிலும், சொல்லுக்குச் சொல் விடும் இடைவெளியிலும் இருத்தல் வேண்டும். இராமசாமியின் இழுத்து நீட்டிப் பேசும் பேச்சு இதற்குப் பெருந்துணை புரிந்தது.

ஆனால், அவ்வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. இளைஞனாக நடிக்க வேண்டிய வயதில் அவரைத் தேடி வந்தவை பெரும்பாலும் தந்தையும் மாமனுமாகிய வேடங்களே. ‘பட்டிக்காடா பட்டணமா’ (1972) படத்தில் சிவாஜி கணேசனுக்கு அவர் மாமனார். உண்மையிலோ மூன்று வயதுகூட மூத்தவரல்லர்! அவர் அதற்காக ஒதுங்கிவிடவில்லை. ‘மக்களைப் பெற்ற மகராசி’ (1957) போன்ற படங்களைத் தயாரித்தார்; சிரிப்பூட்டும் வேடங்களிலும் சிறந்தார்.

‘ஆண் பாவம்’ (1985) படத்தில் தந்தையாகவும், ‘வேலைக்காரன்’ (1987) படத்தில் பாட்டனாராகவும் தோன்றியபோது அவருக்கு வயது அறுபதை ஒட்டியிருந்தது. முதற் படத்தில் புனைந்த முதுமையை வயது அப்போதுதான் எட்டிப் பிடித்தது. அதன்பின்னும் பல ஆண்டுகள் நடித்து, 2002ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் அவர் மறைந்தார்.