“நானே போட்டுக்கிறேன்!”

“காக்கா பற பற” என்று டீச்சர் சொன்னதும் எல்லாக் கைகளும் மேலே போகும். “கொக்கு பற பற” என்றால் மறுபடியும் போகும். கிளி, குருவி என்று வேகம் கூடிக்கொண்டே வந்து, திடீரென்று “எருமை பற பற” என்பார். சில கைகள் உயர்ந்துவிடும். சில கைகள் மடியிலேயே இருக்கும். ஒன்றிரண்டு கைகள் மட்டும் பாதி தூரம் எழும்பி, சட்டென்று நின்று, முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். வேடிக்கை பார்ப்பவர்கள் அவுட் ஆன குழந்தையைப் பார்த்துச் சிரிப்பார்கள். நாம் பார்க்கவேண்டியது பாதியில் நின்ற அந்தக் கையைத்தான்.

அந்த அரை நொடிக்குள் குழந்தையின் மூளை மூன்று வேலைகளைச் செய்து முடித்திருக்கிறது. பறப்பதற்கு மட்டும்தான் கை தூக்கவேண்டும் என்ற விதியை மனதில் பிடித்து வைத்திருக்கிறது. பழகிப்போன வேகத்தில் கிளம்பிய கையைத் தடுத்திருக்கிறது. ‘இது வேறு’ என்று புரிந்துகொண்டு வழியை மாற்றியிருக்கிறது. நினைவில் ஏந்துவது, தன்னைத்தானே நிறுத்துவது, சூழலுக்கேற்ப மாறுவது என்ற இந்த மூன்றையும் சேர்த்துத்தான் உளவியலாளர்கள் ‘எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன்’ என்கிறார்கள். தமிழில் செயலாண்மைத் திறன் என்று வைத்துக்கொள்ளலாம். திட்டமிடுவது, தொடங்கியதை முடிப்பது, கோபத்தை அடக்குவது எல்லாம் இந்த மூன்றின் மேல் எழும்புபவை.

ஆய்வுக்கூடங்களில் இதை அளக்கிற சோதனைகள் பலவும் நம் தெரு விளையாட்டுகளின் சாயலில்தான் இருக்கின்றன. அடெல் டயமண்ட் தன் சகாக்களோடு 1994-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், சூரியன் படத்தைக் காட்டினால் குழந்தை ‘இரவு’ என்று சொல்லவேண்டும். நிலவைக் காட்டினால் ‘பகல்’. மூன்றரை வயதுக் குழந்தை திணறிப்போகும். ஏழு வயதில் அது பெரிய விஷயமே இல்லை. மேகன் மெக்லேலண்ட் குழுவினரின் சோதனையில், ‘தலையைத் தொடு’ என்றால் கால் விரலைத் தொடவேண்டும்.

பெற்றோர் கட்டாயம் அறியவேண்டிய இன்னொரு சோதனை, உளவியலாளர் பிலிப் ஸெலாஸோவினுடையது. சிவப்பிலும் நீலத்திலும் முயல், படகு படங்கள் உள்ள அட்டைகள். முதலில் நிறப்படி பிரிக்கச் சொல்வார்கள். மூன்று வயதுக் குழந்தை சரியாகப் பிரித்துவிடும். பிறகு, “இனிமேல் உருவப்படி பிரி” என்பார்கள். குழந்தை மறுபடியும் நிறப்படியே பிரிக்கும். “முயல் எங்கே போகணும்?” என்று கேட்டால் சரியான இடத்தைக் காட்டும். அடுத்த நொடியே அட்டையைத் தப்பான இடத்தில் வைக்கும். விதி தெரியும், கை கேட்காது.

“எத்தனை தடவை சொல்றது? தெரிஞ்சுகிட்டே பண்றான் பாருங்க” என்று நம் வீடுகளில் தினமும் எழுகிற புகாருக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. ஆமாம், அவனுக்குத் தெரியும்தான். தெரிந்ததைச் செய்ய வைக்கும் பகுதி, நெற்றிக்குப் பின்னாலிருக்கும் மூளையின் முன்பகுதி, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் இந்தத் திறன்கள் வேகமாக வளர்கின்றன. அந்தப் பகுதி முழுமையாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது. மூன்று வயதுப் பிள்ளையை இதற்காக அடிப்பது, இன்னும் முளைக்காத பல்லால் ஏன் கடிக்கவில்லை என்று கேட்டு அடிப்பதுபோல.

வளர்வதற்குப் பயிற்சி வேண்டும். நம் காலை நேரங்களில் அந்தப் பயிற்சிக்கு இடமிருக்கிறதா? ஏழரை மணி. வேன் எட்டு மணிக்கு. “பல்லைத் தேய்ச்சிட்டு, சாக்ஸ் எடுத்துக்கிட்டு, டிபன் பாக்ஸைப் பையில வெச்சுட்டு வா.” மூன்று கட்டளைகள் ஒரே மூச்சில். குழந்தை பாத்ரூம் வரை போய், வழியில் கிடந்த காரை எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறது. அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது. ஒரு கையில் இட்லியை ஊட்டியபடி இன்னொரு கையால் பட்டன் போடுகிறார். பாட்டி குனிந்து ஷூவை மாட்டிவிடுகிறார். அப்பா புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுகிறார். நடுவில் ஒரு சின்னக் குரல், “நானே போட்டுக்கிறேன்!” என்கிறது. “நேரமாச்சு கண்ணு, நாளைக்குப் போட்டுக்கலாம்.”

அந்த நாளை வருவதில்லை. அன்பினால்தான் இத்தனையும் செய்கிறோம், அவசரமும் பொய்யில்லை. ஆனால் எந்தப் பட்டன் எந்த ஓட்டைக்குள் என்று யோசிப்பது, தப்பாகப் போட்டால் கழற்றி மறுபடி போடுவது, பொறுமை இழக்காமல் கடைசிப் பட்டன்வரை போவது எல்லாம் குழந்தைக்குக் கிடைத்திருக்கவேண்டிய பாடம். அதை நாம் முடித்துக்கொடுத்துவிட்டு, மாலையில் கர்சிவ் ரைட்டிங் நோட்டோடு உட்காரவைக்கிறோம்.

இதை நூற்றாண்டுக்கு முன்பே கவனித்தவர் இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி. 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பான சான் லோரென்ஸோவில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் பட்டன், கொக்கி, நாடா கட்டப் பழகும் துணிச் சட்டங்கள் இருந்தன. பெருக்குவதும் துடைப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் பாடங்களாயின. அவருக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1939-இல், 69 வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போரில் இத்தாலி எதிரி நாடானதும் பிரிட்டிஷ் அரசு அவருடைய மகன் மரியோவைச் சிலகாலம் காவலில் வைத்தது. போர் ஆண்டுகளில் ஒரு பகுதியைக் கொடைக்கானலில் குழந்தைகளோடு கழித்த மாண்டிசோரி, போர் முடிந்த பிறகே ஐரோப்பா திரும்பினார்.

ஒரு மாண்டிசோரி வகுப்பில் நான்கு வயதுக் குழந்தை தண்ணீர் ஊற்றுவதைக் கிட்ட இருந்து பாருங்கள். தட்டில் இரண்டு குவளைகள், ஒன்றில் தண்ணீர். அலமாரியிலிருந்து இரண்டு கைகளாலும் தட்டைப் பிடித்து, கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல், ஒவ்வொரு அடியாக நடந்து வருகிறது. நாக்கு உதட்டோரத்தில் துருத்திக்கொண்டிருக்கிறது. ஊற்றும்போது விளிம்பில் ஒரு சொட்டு வழிகிறது. நிறுத்துகிறது. தட்டிலுள்ள ஸ்பாஞ்சை எடுத்துத் துடைக்கிறது. மறுபடி ஊற்றுகிறது. ஆசிரியர் எட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார். பார்க்கிறாரே தவிர, “பாத்து, பாத்து” என்று சொல்வதில்லை. அந்தக் குவளைகள் வகுப்புக்கு ஒரு ஜோடிதான். அதனால் அடுத்த குழந்தை காத்திருக்கிறது. காத்திருக்கச் சொல்லி யாரும் உபதேசம் செய்யவில்லை. ஏஞ்சலின் லில்லார்டும் நிக்கோல் எல்ஸ்-குவெஸ்டும் அமெரிக்காவின் மில்வாக்கியில் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், குலுக்கல் முறையில் மாண்டிசோரி பள்ளியில் இடம் கிடைத்த ஐந்து வயதுக் குழந்தைகள், இடம் கிடைக்காமல் வேறு பள்ளிகளுக்குப் போனவர்களைவிட அட்டை பிரிக்கும் சோதனையில் நன்றாகச் செய்தார்கள்.

இன்று ‘மாண்டிசோரி’ என்ற பலகை பெரும்பாலும் பெரிய கட்டணத்தின் அடையாளமாகிவிட்டது வருத்தத்துக்குரியது. இரண்டு டம்ளருக்கும் ஒரு தட்டுக்கும் கட்டணம் எதற்கு? பச்சைப் பட்டாணி உரிப்பது, காய்ந்த துணியை மடிப்பது, பூண்டைப் பல் பல்லாகப் பிரிப்பது, எல்லோருக்கும் தட்டு எடுத்து வைப்பது எல்லாமே வரிசையும் முடிவும் உள்ள வேலைகள். வீட்டிலிருக்கும் நான்கு பேருக்கு நான்கு தட்டு என்று கணக்கு வைத்து எடுத்துவரும் குழந்தை, நினைவை ஏந்தவும் பழகுகிறது.

பொறுமை என்றதும் பலருக்கும் நினைவு வருவது மார்ஷ்மெல்லோ சோதனை. வால்டர் மிஷெல் ஸ்டான்ஃபோர்டில் 1960-களின் பிற்பகுதியில் தொடங்கியது. இப்போது ஒரு மிட்டாய், காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் படிப்பில் முன்னேறினார்கள் என்ற செய்தி உலகம் முழுக்கப் பரவியது. நம் ஊர் பெற்றோர் கூட்டங்களிலும் வாட்ஸ்அப்பிலும் இன்றும் சுற்றுகிறது. சுற்றாத செய்தி, 2018-இல் டைலர் வாட்ஸ் குழுவினர் இன்னும் பெரிய எண்ணிக்கையிலான குழந்தைகளை வைத்துப் பார்த்தது. தொடர்பு பாதியாகக் குறைந்தது. குடும்பச் சூழலைக் கணக்கில் சேர்த்ததும் பெரும்பகுதி கரைந்துபோனது.

அதைவிட முக்கியமானது, ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் செய்து 2013-இல் வெளிவந்த ஆய்வு. படம் வரைய உட்கார்ந்த குழந்தைகளிடம், “கொஞ்சம் பொறு, இதைவிட நல்ல பொருட்கள் கொண்டுவருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு சாராருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். இன்னொரு சாராரிடம் வெறுங்கையோடு வந்து, இல்லை என்று கைவிரித்தார்கள். அதன்பிறகு மார்ஷ்மெல்லோவை வைத்தார்கள். வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். பெரியவர் சொன்னால் நடக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் குழந்தை பொறுக்கும். இல்லாத இடத்தில் கிடைத்ததை உடனே தின்பதுதான் புத்திசாலித்தனம்.

“ஊசி போடமாட்டாங்க, சும்மா பாக்கத்தான்.” “சாப்பிட்டா பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன்.” “அழுதா போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடும்.” ஒரு நாளில் நாம் சொல்கிற இத்தகைய சின்னப் பொய்கள் எத்தனை! என் பார்வையில், குழந்தைக்குப் பொறுமை கற்றுத்தர விரும்புகிறவர்கள் எந்த விளையாட்டுச் சாமானும் வாங்குவதற்கு முன்பு இவற்றை நிறுத்தவேண்டும். முடியாததை முடியாது என்று சொல்லிவிடலாம். குழந்தை அழும், அழுது ஓயும், ஆனால் நம் வார்த்தை மிஞ்சும்.

கேமரூன் நாட்டின் ன்ஸோ விவசாயக் குடும்பங்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2018-இல் வந்தது. பெட்டினா லாம் குழுவினர் அங்குள்ள நான்கு வயதுக் குழந்தைகளையும் ஜெர்மனியின் நடுத்தரவர்க்கக் குழந்தைகளையும் இதே காத்திருப்புச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். ன்ஸோ குழந்தைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் இரண்டாவது தின்பண்டத்துக்காகப் பொறுத்திருந்தார்கள். ஜெர்மன் குழந்தைகளில் 30 சதவீதத்துக்கும் குறைவு. ன்ஸோ அம்மாக்கள் கண்டிப்பானவர்கள் என்பதையும் சொல்லவேண்டும். எனக்கு அதில் தெரிவது, வீட்டு வேலையிலும் தம்பி தங்கையைப் பார்ப்பதிலும் சிறு வயதிலிருந்தே பங்கு பெறும் பிள்ளைகள் என்பதுதான். வசதியான வகுப்பறையில்தான் இந்தத் திறன் வளரும் என்ற எண்ணத்தை அந்தக் குழந்தைகள் உடைத்துவிட்டார்கள்.

இந்தத் திறன்களை வளர்ப்பதில் அடுத்தது பாவனை விளையாட்டு. சொப்பு வைத்துச் சமைப்பது, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் ஓட்டுவது. கண்டக்டராக இருக்கும் குழந்தை டிக்கெட் கிழிக்கவேண்டும், “ரைட் ரைட்” சொல்லவேண்டும். ஜன்னல் சீட்டில் உட்கார ஆசையிருந்தாலும் உட்காரக்கூடாது, ஏனென்றால் கண்டக்டர் உட்காரமாட்டார். யாரும் போடாத கட்டுப்பாட்டைத் தனக்குத்தானே போட்டுக்கொள்கிறது. ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி இந்த விளையாட்டைக் குழந்தை வளர்ச்சியின் மையத்தில் வைத்தார். 2017-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பேட்மேன் போன்ற பாத்திரமாகத் தங்களை நினைத்துக்கொண்ட நான்கு, ஆறு வயதுக் குழந்தைகள் அலுப்பூட்டும் வேலையில் அதிக நேரம் நிலைத்தார்கள். இப்படி விளையாடும் குழந்தையை “சும்மா விளையாடிக்கிட்டே இருக்கான்” என்று கூப்பிட்டு ஒர்க்‌ஷீட் கொடுப்பது எனக்குத் தாங்கமுடியாத வேதனை. ‘மூளைப் பயிற்சி’ என்று விற்கப்படும் செயலிகளுக்குச் செலவழிக்கும் முன்பும் யோசியுங்கள். ஒரு பயிற்சியில் பெறும் தேர்ச்சி, பெரும்பாலும் அதை ஒத்த வேலைகளோடு நின்றுவிடுகிறது என்பதே இதுவரை கண்டது.

காலை நேரத்துக்குத் திரும்பினால், செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. யூனிஃபார்மும் சாக்ஸும் இரவே குழந்தையின் கையால் எடுத்து வைக்கப்படட்டும். பல் தேய்ப்பது, குளிப்பது, சாப்பிடுவது, ஷூ போடுவது என்று நான்கு படங்களை அதையே வரையச் சொல்லிச் சுவரில் ஒட்டலாம். “ஷூ போடு” என்று கத்துவதற்குப் பதிலாக, படத்தைக் காட்டி “அடுத்து என்ன?” என்று கேட்டால் யோசிக்கும் வேலை குழந்தையிடம் போய்விடும். மூன்று வயதில் ஒரு சமயத்தில் ஒரு சொல், பழகியபின் இரண்டு. பதினைந்து நிமிடம் முன்னதாக எழுப்பவேண்டியிருக்கும். அதற்கு முந்தின இரவு சீக்கிரம் படுக்கவேண்டும். தூக்கம் போதாத குழந்தையிடம் இந்தத் திறன்களில் எதையும் எதிர்பார்க்கமுடியாது. படுக்கையில், படம் காட்டாமல் வாயால் சொல்லும் கதை நல்லது. நரி யார், காக்கா எங்கே என்று கதை முழுவதையும் குழந்தை மனதிலேயே ஏந்திக்கொண்டு வரவேண்டும். தாத்தா பாட்டி இருக்கிற வீட்டில், கொஞ்சம் வளர்ந்தபிறகு பல்லாங்குழியை எடுக்கலாம். எந்தக் குழியிலிருந்து அள்ளினால் எங்கே போய் முடியும் என்று பார்ப்பதும், தன் முறைக்குக் காத்திருப்பதும் அதிலேயே அடங்கியிருக்கின்றன.

இவ்வளவுக்கும் பிறகும் சில குழந்தைகள் மற்றவர்களைவிட மிகவும் சிரமப்படுவார்கள். கவனக்குறைவும் மிகைச்செயல்பாடும் உள்ளவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள், குறைமாதத்தில் பிறந்தவர்களில் சிலர். “வால்”, “அடங்காதவன்” என்ற பெயர் இவர்களுக்குத்தான் முதலில் விழுகிறது. சந்தேகமிருந்தால் பள்ளியின் புகாருக்காகக் காத்திருக்கவேண்டாம். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், பிறப்பிலிருந்து 18 வயதுவரை உள்ளவர்களைப் பரிசோதித்து உதவ மாவட்டங்களில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அரசு மருத்துவமனையில் கேட்டால் வழிகாட்டுவார்கள். இந்தக் குழந்தைகளுக்கும் உதவுவது சுவரில் ஒட்டிய அதே படங்களும் காப்பாற்றப்பட்ட வாக்குகளும்தான், இன்னும் சின்னப் படிகளாக, இன்னும் நீண்ட காலத்துக்கு.