மூவாக் குலத்தின் வழக்கங்கள்: ரொல்கீன் படைத்த எல்வர்

நூறாண்டு வாழ்க என வாழ்த்துதல் நம்மவர் மரபு. அவ்வெல்லையைக் கடந்த ஆயுளைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் தனி ஒருவரின் பேற்றையோ சாபத்தையோ கூறுவனவாகவே உள்ளன. மார்க்கண்டேயர் என்றும் பதினாறு வயதினராய் நின்றார்; யயாதி தன் மகனிடத்து இளமையை இரந்து பெற்றான்; அசுவத்தாமன் நெடுங்காலம் தனித்தலையுமாறு சபிக்கப்பட்டான். ஆயின், ஒரு குலம் முழுவதும் இயல்பாகவே மூவாது வாழுமாயின், அக்குலத்தார் தம் குழந்தைக்கு எவ்வாறு பெயரிடுவர்? எவ்வாறு மணம் முடிப்பர்? துணையை இழந்தார்க்கு என்ன விதி வகுப்பர்? இவ்வினாக்களை ஒரு சட்ட அறிஞனுக்குரிய நுணுக்கத்தோடு ஆராய்ந்தவர், ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். ரொல்கீன்.

இவர் 1892 ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவிற் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, 1925 முதல் 1959 வரை ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கியவர். பழைய ஆங்கிலமும் அதன் இலக்கியமும் அவர்தம் துறை. 1937 இல் 'ஹொபிற்' என்னும் கதையும், 1954, 1955 ஆம் ஆண்டுகளில் 'மோதிரங்களின் தலைவன்' என்னும் பெருங்கதை மூன்று பகுதிகளாகவும் வெளிவந்தன. அவர் 1973 இல் மறைந்தபின், மகன் கிறிஸ்ரோபர் தந்தையின் கையெழுத்துப் படிகளைப் பதிப்பித்தார். அவற்றுள், 1950 களின் பிற்பகுதியில் எழுதப்பெற்று, 1993 இல் 'மோர்கொத்தின் மோதிரம்' என்னும் தொகுதியில் அச்சேறிய ஒரு கட்டுரை, எல்வ் என ஆங்கிலத்தார் வழங்கும் குலத்தின் சட்டங்களையும் வழக்கங்களையும் விரித்துரைப்பது. ஈண்டு அக்குலத்தாரை எல்வர் எனக் குறிப்போம். இக்கட்டுரை பெரிதும் அப்பகுதியைத் தழுவியது.

எல்வர் என்றதும் பூவிதழில் உறங்கும் சிறு தேவதைகளை எண்ணுதல் கூடாது. ரொல்கீன் கண்ட எல்வர் மனிதரினும் நெடிய மேனியர்; அழகும் கூரிய புலனும் உடையர். நோயும் மூப்பும் அவர்க்கு இல்லை. வாளால் வெட்டுண்டோ ஆற்றொணாத் துயரால் மெலிந்தோ உடலை இழத்தல் கூடும். எனினும் உலகம் உள்ளளவும் அவர்தம் உயிர் உலகினுள்ளேயே நிற்கும். நம் தேவரைப்போல் அமுதுண்டு பெற்ற வாழ்வன்று இது; பிறவியியல்பு. அவர்கள் உலகைவிட்டு நீங்குதல் இயலாது என்பதும் அவ்வியல்பின் மறுபக்கமே. மனிதனோ இறந்து உலகிற்கு அப்பாற் செல்கிறான். ஆகவே, ரொல்கீனின் கதைகளில் மரணம் மனிதனுக்கு இறைவன் அளித்த கொடை எனப்படுகிறது.

எல்வக் குழந்தை ஓராண்டு நிறைவதற்கு முன்னரே பேசும். ஆயின் உடல் வளர்ச்சியோ மிக மெதுவானது. மனிதப் பிள்ளை முழு உயரம் எய்தும் வயதில், அதனோடொத்த எல்வப் பிள்ளை ஏழு வயதுச் சிறுவன்போலவே தோன்றும். ஐம்பது ஆண்டு கழிந்தபின்னரே உருவம் நிறைவுறும். சிலர்க்கு நூறாண்டும் ஆகும். சிற்றுருவில் முதிர்ந்த அறிவு பொருந்திய அப்பருவத்தைக் காணும் மனிதர் மயங்குவர் என்கிறார் ஆசிரியர்.

பெயரிடும் முறை தனித்துக் கூறத்தக்கது. பிறந்தவுடன் தந்தை ஒரு பெயர் இடுவான். அது குலத்தாரறிய இடப்படுவது. தாயும் ஒரு பெயர் இடுதல் உண்டு. தாய்க்குப் பிள்ளையின் இயல்பும் சிலவேளை அதன் எதிர்காலமும் புலப்படும் என்பது எல்வர் நம்பிக்கை. அதனால் தாய் இட்ட பெயரை அச்சத்தோடும் மதிப்போடும் போற்றினர். மூன்றாவது பெயரைப் பிள்ளையே தெரிந்தெடுக்கும். தன் செவிக்கினிய ஒலிகள் எவை என உணரும் பருவம் வந்ததும், ஏறத்தாழப் பத்து வயதளவில், தனக்கென ஒரு பெயரை அது ஆக்கிக்கொள்ளும். அது நெருங்கியோர் மட்டும் வழங்குவது. பிற்காலத்திற் பிறர் அளிக்கும் சிறப்புப் பெயர் வேறு. வாசகர் பலர் அறிந்த கலாத்ரியெல் என்னும் அரசிக்குத் தந்தை இட்ட பெயர் அர்த்தானிஸ். தாய் இட்டது நெர்வென். கலாத்ரியெல் என்பதோ அவளை விரும்பிய கெலெபோர்ன் சூட்டியது. ஒலிச்சுவை அறிதலையே ஒரு பருவச் சடங்காக்கியமை மொழியியலாளர் ஒருவர்க்கே தோன்றக்கூடிய கற்பனை. ரொல்கீன் முதலில் மொழிகளை ஆக்கி, அவற்றைப் பேசுதற்கென்றே மக்களை ஆக்கினார் என்பதையும் நினைவிற் கொள்க. எல்வர் மொழிகளுள் ஒன்று பின்லாந்து மொழியின் ஓசையையும், மற்றொன்று வேல்சு மொழியின் ஓசையையும் தழுவியவை.

இனி மணவழக்கு. எல்வர் வாழ்நாளில் ஒருமுறையே மணப்பர். இருவர்தம் உரிய விருப்பமும் இன்றி மணம் இல்லை. இருவீட்டாரும் கூடிய அவையிற் பொருத்தம் உறுதியாகும். மணமக்கள் வெள்ளி மோதிரங்களை மாற்றிக்கொள்வர். இவ்வுறுதி ஓராண்டாவது நிற்கவேண்டும். அதற்குள் மனம் மாறின், மோதிரங்களை வெளிப்படையாகத் திருப்பிக் கொடுத்து விலகலாம். அம்மோதிரங்களை உருக்கிவிடுவர், மற்றொரு மண உறுதிக்கு அவை பயன்படா. மணநாளில் வெள்ளி மோதிரங்கள் மீள, பொன் மோதிரங்கள் வலக்கைச் சுட்டுவிரலில் ஏறும். மணமகளின் தாயும் மணமகனின் தந்தையும் இருவர் கைகளையும் இணைத்து வாழ்த்துவர். தாய் வார்தா என்னும் விண்மீன் தேவியையும், தந்தை அவள் கணவனாகிய மான்வேயையும் சான்றாக அழைப்பர். நொல்தோர் என்னும் கிளையாரிடத்தில், மணமகளின் தாய் மருமகனுக்கும் மணமகனின் தந்தை மருமகளுக்கும் சங்கிலியிற் கோத்த மணி ஒன்றை அளித்தலும் உண்டு. ஆயினும் இச்சடங்குகள் யாவும் பெற்றோரின் அன்பைக் காட்டும் அணிகளே. போர்க்காலத்திலும் நாடிழந்து அலையுங் காலத்திலும், இறைவன் பெயரைச் சொல்லி இருவர் உளமொத்துக் கூடின், அம்மணமும் குறைவற்றதே.

கருவுற்று ஓராண்டு கழித்தே குழந்தை பிறக்கும். எல்வர் ஆண்டுதோறும் நினைவுகூர்வது பிறந்த நாளையன்று, கருவுற்ற நாளையே. குழந்தையைப் பெறுதலிலும் வளர்த்தலிலும் பெற்றோரின் உயிராற்றல் மிகுதியாகச் செலவாகும் என்பது அவர் கொள்கை. ஆதலால் அமைதியான காலத்திலன்றி மகப்பேற்றை விரும்பார்; நான்கு பிள்ளைகள் உள்ள குடும்பமே அரிது. ஃபெயனோர் என்பவனுக்கு ஏழு புதல்வர். அத்தொகையை விஞ்சியோர் அக்குலத்தில் இலர். தொழிற்பாகுபாடு வழக்கத்தால் வந்ததேயன்றி விதியால் வந்ததன்று. சமையல் பெரும்பாலும் ஆடவர் தொழில் என்பது நம் இல்லங்களில் வியப்பாகக் கேட்கப்படும். 'லெம்பாஸ்' என்னும் வழிநடை உணவை மட்டும் பெண்டிரே சுடுவர். மருத்துவம் பெரும்பாலும் பெண்டிர்பாலது. கொலைத் தொழில், அது முறையான போரேயாயினும், நோய் தீர்க்கும் ஆற்றலைக் குறைக்கும் என எல்வர் கருதினர். ஆகவே, மருத்துவம் பயின்ற ஆடவர் வேட்டையையும் போரையும் தவிர்ப்பர்.

காலக் கணக்கைச் சுருங்கக் கூறலாம். பன்னிரண்டை அடியாகக்கொண்டு எண்ணும் இயல்பினர் ஆதலின், அவர்தம் நீள் ஆண்டு 144 சூரிய ஆண்டுகள் கொண்டது. வாரத்திற்கு ஆறு நாள். நம் பெரும்பொழுது ஆறு என்பதுபோல் அவர்க்கும் பருவம் ஆறு. ஆனால் 54 நாட் பருவங்கள் நான்கும் 72 நாட் பருவங்கள் இரண்டுமாக அவை ஒத்த அளவின அல்ல. இவ்வொற்றுமையிலிருந்து கடன்பட்டமை எதனையும் ஊகித்தல் வேண்டா. காலம் செல்லச் செல்ல, உள்ளிருக்கும் உயிரின் தீ உடலை மெல்ல உண்டு, இறுதியில் உடல் ஒரு நினைவளவாய் மெலிந்துவிடும். இதனை அஞ்சியே, பழையது மாறாது நிற்க வேண்டும் என்னும் ஆசை அவர்பால் வேரூன்றியது. மூன்று மோதிரங்களை அவர்கள் ஆக்கியதும் அதன்பொருட்டே. மாற்றத்தை ஏற்க மனமின்மையே எல்வரின் குற்றம் என்பதை ரொல்கீன் 1951 இல் எழுதிய நீண்ட கடிதமொன்றில் எடுத்துரைக்கிறார்.

உடலை இழந்த எல்வனின் நிலை என்ன? அவன் உயிர், மந்தோஸ் என்னும் தேவனின் மண்டபத்திற்கு அழைக்கப்படும். அழைப்பை மறுத்து வீடற்று அலைதலும் கூடும். அது இழிந்த முடிவு. மண்டபத்திற் காத்திருந்தபின் மீண்டும் உடல் பெறலாம். அவ்வுயிர் தன் குலத்திலேயே குழந்தையாய்ப் பிறந்து, வளருங்கால் முன்னைய வாழ்வை மெல்ல நினைவுகூரும் என்றே ரொல்கீன் முதலில் எழுதினார். நம் சமயநூல்கள் கூறும் மறுபிறப்பு வினைவழிப்பட்டது. பழைய பெயரும் நினைவும் அங்கே தொடர்வதில்லை. எல்வர் திரும்புதலோ அதே ஆள் திரும்புதல். 1954 இல், ஒக்ஸ்போட் நகரில் நூற்கடை ஒன்றை நடத்திய கத்தோலிக்கர் ஒருவர், இக்கொள்கை கிறித்தவ சமயத்திற்கு முரண் எனச் சுட்டினார். ரொல்கீனும் கத்தோலிக்கரே. அவர் வரைந்த விரிவான மறுமொழி அனுப்பப்படவில்லை. பிற்காலத்திற் குழந்தையாய்ப் பிறத்தல் என்பதைக் கைவிட்டு, பழைய உடலை ஒத்த உடலே ஆக்கப்படும் என அவர் மாற்றினார். தமது கற்பனை உலகிற்கும் விதி உண்டு, அதற்குத் தாமும் கட்டுப்பட்டவர் என எண்ணியமையே அவர்தம் பெருமை என்பேன்.

திரும்பி வருதல் உண்டு என்பதனால் ஓர் இடர் தோன்றுகிறது. மனிதரிடையே மரணம் மணமுடிச்சை அவிழ்த்துவிடும். எல்வரிடையே இறந்த மனைவி மனைவியே. அவள் நாளை திரும்பலாம். அவ்வாறாயின், அவள் திரும்ப மறுத்தால் கணவன் உலகமுடிவு வரை தனித்திருத்தல் வேண்டுமோ?

இவ்வழக்கு நொல்தோர் மன்னனாகிய ஃபின்வேயின் வாழ்விலேயே எழுந்தது. அவன் மனைவி மீரியெல் தையற்கலையிலும் நெசவிலும் ஒப்பற்றவள். மேற்கூறிய ஃபெயனோர் அவள் ஈன்ற ஒரே மகன். அவனைப் பெற்றதில் அவள் உயிராற்றல் முழுவதும் அவன்பாற் சென்றது. சோர்ந்து, வாழும் விருப்பம் ஒழிந்து, ஒரு சோலையிற் படுத்தவளின் உயிர் மந்தோசிடம் சென்றது. உடல் வாடாது அங்கேயே கிடந்தது. அவளோ திரும்ப மறுத்தாள். மேலும் மக்கள் வேண்டும் என்னும் ஏக்கத்தோடு ஃபின்வே மான்வேயிடம் முறையிட்டான். வாலார் என்னும் தேவர் கூடி நெடிது வாதிட்டனர். நியென்னா என்னும் இரக்கத்தின் தேவி, களைத்துப்போன மீரியெல்லின் பொருட்டுப் பேசினாள். ஈற்றில் விதி பிறந்தது: இறந்தவர் என்றும் திரும்புவதில்லை எனத் தாமே உறுதிசெய்யின், எஞ்சியவர் மறுமணம் செய்யலாம், ஆனால் இறந்தவர்க்கு அதன்பின் திரும்பும் உரிமை இல்லை. ஒருவனுக்கு உயிரோடுள்ள மனைவியர் இருவர் ஆகாமைக்கே இக்கட்டு. இவ்விதி நீதியேயன்றி மருந்தன்று என்பதை விதித்தோரே உணர்ந்திருந்தனர்.

மீரியெல் மறுப்பை உறுதிசெய்தாள்; ஃபின்வே இந்திஸ் என்பவளை மணந்து மக்களைப் பெற்றான். ஃபெயனோருக்கு அம்மணம் பொறுக்கவில்லை. சிற்றன்னையையும் அவள் மக்களையும் அவன் என்றும் மனமுவந்து ஏற்றிலன். பின்னர் நொல்தோர் இருகூறாய்ப் பிரிந்தமைக்கும் பெரும்போர்களுக்கும் வித்து அவ்வீட்டிலேயே ஊன்றப்பட்டது. ஃபின்வே பொறுத்திருந்தாற் பல தீமைகள் நிகழா என்போர் எல்வருள்ளேயே இருந்தனர். இந்திஸ் பெற்ற மக்களும் பெருமைக்குரியோர், அவர்களின்றி வரலாறு வறியதாகும் என்பது எதிர்வாதம். என் நோக்கில், இவ்வழக்கில் இருவர் வினாவையே யாவரும் கேட்டனர்: கணவன் உரிமை என்ன, மனைவி கடமை என்ன என்று. தாயின் உடல் அழகு குன்றாது கிடக்க, அவள் இனி என்றும் எழாள் என்று சட்டத்தால் முடித்தமையைக் கேட்ட மகனின் நிலையை அவ்வவை போதிய அளவு எண்ணியதாகத் தோன்றவில்லை. பன்னிரண்டு வயதில் தாயை இழந்தவர் எழுதிய கதை இது என்பதையும் மறத்தல் கூடாது.

காலம் சென்றது. மெல்கோர் என்னும் கொடியோன் ஃபின்வேயை அவன் வாயிலிலேயே கொன்றான். மந்தோஸின் மண்டபத்தில் ஃபின்வே மீரியெல்லைக் கண்டான். அவள் மனம் அப்போது மாறியிருந்தது. மீண்டும் உடல் பெற்றுத் தன் கைத்தொழிலைச் செய்ய விரும்பினாள். விதியோ தடுத்தது. தான் இனி என்றும் திரும்புவதில்லை என ஃபின்வே உறுதி கூறித் தன் உரிமையைத் துறந்தான். அதனால் அவளுக்கு வழி திறந்தது. அவள் சோலையிற் கிடந்த தன் உடலுட் புகுந்து எழுந்தாள், உற்றாரிடம் செல்லவில்லை. காலத்தின் கதைகளையெல்லாம் துணியாக நெய்யும் வாயிரே என்னும் தேவியின் இல்லத்தை அடைந்து, ஃபின்வேயின் குடியினர் செய்த செயல்கள் அனைத்தையும், தன் மகன் செய்தவற்றையும், இந்திசின் மக்கள் செய்தவற்றையும், தறியில் நெய்துகொண்டிருந்தாள்.