முட்டிக்குள் வாழும் நுண்ணுயிர்ச் செல்வம்

கள் என்றதும் குடிப்பழக்கமும் அதனாற் சீரழியும் குடும்பங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அக்கவலை நியாயமானதே, மதுவுக்காகப் பரிந்து பேசுவது எமது நோக்கமன்று. எனினும் வாழைச்சேனை, கல்குடா போன்ற கிழக்குக் கரையோரத் தென்னைகளின் பாளைநீரைக் கள்ளாக மாற்றும் நுண்ணுயிர்களைப் பற்றி நாம் அறிந்திருத்தல் அவசியமாகும். அவையும் இம்மண்ணின் இயற்கை வளமே.

திராட்சைச் சாறு வைன் ஆவதும் பாளைநீர் கள்ளாவதும் ஒரே செயன்முறையினால்தான். மதுவம் எனப்படும் ஈஸ்ட், இனிப்பை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகின்றது. கள்ளுக்கு எவரும் மதுவத்தைச் சேர்ப்பதில்லை. பாளையிலும், அதை நாடிவரும் பூச்சிகளிலும், சீவற் கத்தியிலும், முன்னர் பயன்படுத்திய முட்டியிலும் தங்கியிருக்கும் காட்டு மதுவங்களே அப்பணியைச் செய்கின்றன. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால் அவற்றின் வளர்ச்சி தடைப்பட்டு, நீர் புளிக்காமற் பதநீராகவே நிற்கின்றது.

அற்புதராஜா, விதானபத்திரண, சமரஜீவ ஆகிய இலங்கை ஆய்வாளர்கள் 1986ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவுபடுத்தியது. தென்னங்கள்ளில் 8 பேரினங்களைச் சேர்ந்த 17 வகை மதுவங்களை அவர்கள் கண்டனர். முதலிற் பற்றீரியாக்கள் லக்டிக் அமிலத்தை உண்டாக்க, அடுத்து மதுவங்கள் மதுசாரத்தை உண்டாக்க, இறுதியில் அசற்றிக் அமிலம் தோன்றிக் கள் வினாகிரியை நோக்கிச் செல்கின்றது. ஒரு முட்டிக்குள் நிகழ்வது பல உயிர்களின் கூட்டுழைப்பு என்பது இதனாற் புலனாகும்.

கொப்பன்ஹேகனில் எமில் ஹான்சன் 1883இல் தனியொரு மதுவத்தைப் பிரித்து வளர்த்த பின்னர், உலகின் பெரும் மதுத் தொழிற்சாலைகள் தெரிந்தெடுத்த மதுவங்களையே நம்பத் தொடங்கின. தரம் சீரானது, பன்மை குன்றியது. இன்று ஐரோப்பாவின் வைன் உற்பத்தியாளர் சிலர், தத்தம் தோட்டத்துக் காட்டு மதுவங்களை மீண்டும் நாடுகின்றனர்.

நாட்டு மதுபானத்தின் நுண்ணுயிர் அறிவியலுக்கும் உதவக்கூடும். கிழக்கு ஆபிரிக்கத் தினைப் பியரிலிருந்து 1893இல் விவரிக்கப்பட்ட மதுவ இனமொன்றைக் கொண்டே போல் நர்ஸ் உயிர்க்கலப் பிரிவை ஆராய்ந்தார். அப்பணிக்காக 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந்தோப்புகளை 1978 நவம்பர்ச் சூறாவளி பெருமளவில் அழித்தது. 2004இல் ஆழிப்பேரலை கரையோரத்தைத் தாக்கியது. வீழ்ந்த தென்னைக்குப் பதிலாகக் கன்று நடலாம். ஆனால், சீவற்றொழில் நலிந்து பழைய முட்டிகள் கைவிடப்படுமாயின், அவற்றில் தலைமுறையாகப் பேணப்பட்ட மதுவக் கூட்டங்களை மீட்பது அரிது. அப்ப மாவுக்குக் கள் விட்ட வீடுகள் பலவற்றிலும் கடை ஈஸ்ட் புகுந்துவிட்டது.

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் வாழைச்சேனைக்கு அண்மையிலேயே உள்ளது. முட்டிகளிலிருந்து மாதிரிகளைச் சேகரித்து, இனங்கண்டு, உறைநிலையிற் பாதுகாப்பது அங்குள்ள ஆய்வாளர்க்கு இயலாத காரியமன்று. சீவற் தொழிலாளரின் அனுபவ அறிவையும் அதனுடன் சேர்த்துப் பதிவுசெய்ய வேண்டும். கள்ளை விரும்புவோரும் வெறுப்போரும் இதில் ஒன்றுபடலாம் என்பதே எமது கருத்தாகும்.