சிறப்புக் கல்வியில் பி.எட். படிக்கலாமா?

வழக்கமான பி.எட். போலவே சிறப்புக் கல்வி பி.எட்.டும் இரண்டாண்டுப் படிப்புதான். பட்டத்தில் பொதுவாக 50 சதவீத மதிப்பெண் வேண்டும். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இதே துறையில் இரண்டாண்டு டிப்ளமோ உண்டு. சேரும்போதே ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்பதுதான் முதல் வித்தியாசம்.

பார்வைக் குறைபாடு பிரிவை எடுத்தால் பிரெயில் படிக்க வேண்டும். வெள்ளைக்கோலோடு குழந்தை தனியாக நடக்கப் பழக்கவும் தெரிந்திருக்க வேண்டும். செவித்திறன் பிரிவில் ஆடியோகிராமைப் பார்த்துக் குழந்தைக்கு எவ்வளவு கேட்கும் என்று புரிந்துகொள்ளவும், காதுக்கருவியைக் கையாளவும், சைகை மொழியில் பேசவும் கற்றுத்தருவார்கள். அறிவுசார் குறைபாடு பிரிவில் பல் துலக்குவதே ஒரு பாடம். அதைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, ஒரு படி கைவந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். சில குழந்தைகளுக்கு ஒரு படிக்கே மாதக்கணக்கில் ஆகும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வராமலிருப்பது இரு தரப்புக்கும் நல்லது.

பட்டம் மட்டும் இருந்தால் போதாது. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்து எண் வாங்கியவரே இத்தொழிலைச் செய்யலாம். அந்தப் பதிவை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும்.

சரி, வேலை? ஆட்கள் தேவை என்பதில் சந்தேகமே இல்லை. சிறப்புப் பள்ளிகள், தெரபி மையங்கள், ஆரம்பநிலைப் பயிற்சி மையங்கள் எல்லாம் இவர்களைத் தேடுகின்றன. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் சிறப்புக் கல்வியாளர் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. அரசுப் பக்கம், 'சமக்ர சிக்ஷா' திட்டத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். வட்டார வள மையத்தைச் சார்ந்து பள்ளி பள்ளியாகப் போவதோடு, பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளின் வீட்டுக்கும் இவர்கள்தான் போகிறார்கள். ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைத்தும் தொகுப்பூதியத்திலேயே இருப்பவர்கள் பலர். இந்தத் துறையின் பெரிய குறை இதுதான்.

மாற்றத்துக்கு வழி பிறந்திருக்கிறது. தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை, உச்ச நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பைத் தொடர்ந்து, மத்திய அரசு 2022-இல் அறிவித்தது. அதற்கேற்ற பணியிடங்களை உருவாக்கி அறிவிக்கும்படி மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் உத்தரவிட்டது. உத்தரவு நியமனமாக மாற எவ்வளவு காலமாகும் என்பது அரசு வேலைக்குக் காத்திருப்போருக்குத் தெரியாததல்ல. ஆகவே, நிரந்தர வேலை உடனே கிடைக்கும் என்று நம்பி இதில் சேராதீர்கள். இந்த வேலை பிடித்திருந்தால், படிப்பு வீண்போகாது.

கட்டணம் கட்டுவதற்கு முன் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் உங்கள் கல்லூரியைத் தேடிப் பாருங்கள். கல்லூரிப் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் பிரிவுக்கு, அந்தக் கல்வியாண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி இல்லாத இடத்தில் படித்தால் பதிவு எண் கிடைக்காது.