முதல் ரேங்க் வாங்கியவர் ஜூனியர் ஆனது எப்படி? அரசு ஊழியர்களை ஆட்டிப்படைத்த சீனியாரிட்டி சிக்கல்

டி.என்.பி.எஸ்.சி. பரீட்சை எழுதி 2 பேர் ஒரே நாளில் வேலைக்குச் சேருகிறார்கள். ஒருவர் 3-வது ரேங்க், இன்னொருவர் 40-வது ரேங்க். 12 வருடம் கழித்துப் பார்த்தால் 40-வது ரேங்க் வாங்கியவர் அதிகாரி நாற்காலியில் இருக்கிறார். 3-வது ரேங்க்காரர் அவரிடம் பைல் கொண்டுபோய் கையெழுத்து வாங்குகிறார்.

இது யாரோ லஞ்சம் கொடுத்து நடந்த வேலை அல்ல. பட்டியல் போட்ட முறையால் வந்த வினை.

திறமைக்கு வேலை

அரசு வேலையில் எல்லோருக்கும் சம வாய்ப்பு என்கிறது அரசியல் சட்டத்தின் 16-வது பிரிவு. அதே பிரிவின் 4-வது உட்பிரிவு, பின்தங்கிய வகுப்பினருக்கு இட ஒதுக்கீடு கொடுக்கலாம் என்கிறது. சிபாரிசுக்கு வேலை கொடுக்கக்கூடாது என்றுதான் சென்னை மாகாணத்தில் 1929-ம் ஆண்டே தேர்வாணையம் அமைத்தார்கள். இந்த விஷயத்தில் மற்ற மாகாணங்களுக்கு முன்னோடி நாம்தான்.

வேலையில் சேர்ந்த பிறகு பதவி உயர்வுக்கு துறைத்தேர்வு பாஸ் பண்ண வேண்டும். தகுதிகாண் பருவம் முடிக்க வேண்டும். 17-பி குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கக்கூடாது. இத்தனையும் சரியாக இருந்தாலும், சீனியாரிட்டி லிஸ்டில் மேலே இருப்பவருக்குத்தான் முதலில் வாய்ப்பு. இளநிலை உதவியாளராக சேர்ந்தவர் தாசில்தார் ஆகி ஓய்வு பெறுவாரா, உதவியாளராகவே வீட்டுக்குப் போவாரா என்பதை அந்த லிஸ்ட்தான் முடிவு செய்கிறது.

200 இட சுழற்சி

தமிழ்நாட்டில் 69 சதவீத இட ஒதுக்கீடு அமலில் உள்ளது. எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்று பிரித்துக்கொடுக்க 200 இடங்கள் கொண்ட இனச்சுழற்சி பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஆள் எடுப்பதற்கு இந்தப் பட்டியல் அவசியம். அதில் யாருக்கும் சண்டை இல்லை.

சண்டை அடுத்த கட்டத்தில் வந்தது. சுழற்சியில் 2-வது இடத்தில் உட்கார்ந்தவர் சீனியாரிட்டியிலும் 2-வது ஆள் என்று கணக்கு வைத்தார்கள். பொதுப்பிரிவு இடங்கள் விட்டு விட்டு வரும். அதனால் 3-வது ரேங்க் வாங்கியவர் பட்டியலில் கீழே தள்ளப்பட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. நல்ல மார்க் எடுத்து பொதுப்பிரிவு இடத்திலேயே வேலை வாங்கிய பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞர்களும் இதே மாதிரி கீழே போனார்கள். நன்றாகப் படித்ததற்குக் கிடைத்த தண்டனை என்று அவர்கள் புலம்பியதில் நியாயம் உண்டு.

கோர்ட்டு சொன்னது

இனச்சுழற்சி என்பது இடத்தை நிரப்பத்தான், சீனியாரிட்டிக்கு அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு 2003-ம் ஆண்டே அரியானா வழக்கில் தீர்ப்பு சொல்லிவிட்டது. 2015-ல் சென்னை ஐகோர்ட்டும் ரேங்க் அடிப்படையில்தான் பட்டியல் போட வேண்டும் என்றது. அதை எதிர்த்த அப்பீல் 2016-ல் சுப்ரீம் கோர்ட்டில் தள்ளுபடி ஆனது.

தமிழக அரசு விடவில்லை. அதே 2016-ல் அரசுப் பணியாளர் சட்டம் கொண்டுவந்து, பழைய முறைக்கே இடம் கொடுத்தது. அந்தப் பிரிவை 2019 நவம்பரில் ஐகோர்ட்டு ரத்து செய்தது. கடைசியில் கோர்ட்டு அவமதிப்பு வழக்கு வரைக்கும் போனது. 2021 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு, 12 வாரத்துக்குள் ரேங்க்படி பட்டியலைத் திருத்தச் சொன்னது.

பதவி இறங்கியவர்கள்

பட்டியல் திருத்தம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். துணை தாசில்தாராக வேலை பார்த்தவரை திரும்பவும் உதவியாளராக இறக்கினால் அவர் ஆபீசில் எப்படி தலை நிமிர்ந்து நடப்பார்? தப்பு அவர் செய்தது அல்லவே. பதவி இறக்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு பாதுகாப்பு வேண்டும் என்பது வருவாய்த்துறை சங்கங்களின் போராட்டக் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. ரேங்க் மட்டும் பார்த்தால் ஒதுக்கீட்டில் வந்தவர்கள் மேல்பதவிக்கு வருவது குறைந்துவிடும் என்ற வாதமும் இருக்கிறது. அதையும் லேசாக ஒதுக்கிவிட முடியாது.

ரேங்க் இப்படி ஆயுசுக்கும் கூடவே வருவதால், அதைத் திருடுவது சாதாரண காப்பி அடிக்கிற விவகாரம் இல்லை. 2019 செப்டம்பரில் நடந்த குரூப்-4 தேர்வில் ராமேசுவரம், கீழக்கரை மையங்களில் மறையும் மை பேனா வைத்து நடந்த மோசடியில், 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள்.

ஊழியர் செய்ய வேண்டியது

துறையில் முதலில் தற்காலிக சீனியாரிட்டி பட்டியலைத்தான் சுற்றுக்கு விடுவார்கள். பலர் படிக்காமலேயே கையெழுத்து போட்டுவிடுகிறார்கள். தன் பெயருக்கு எதிரே டி.என்.பி.எஸ்.சி. ரேங்க், பணியில் சேர்ந்த தேதி, துறைத்தேர்வு முடித்த தேதி மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தவறு இருந்தால் கெடுவுக்குள் ஆட்சேபனையை எழுத்து மூலம் உரிய அதிகாரி வழியாகக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாக தேதியுடன் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இறுதிப் பட்டியல் வந்து வருடக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு கோர்ட்டுக்குப் போனால், தாமதத்தைக் காட்டியே மனு தள்ளுபடி ஆக வாய்ப்பு அதிகம்.