ஏர்ல போற பனியன்: விமான எரிபொருள் மாறினால் திருப்பூருக்கு என்ன செலவு?

"கப்பல் டேட் போயிடுச்சு, ஏர்ல போட்டுடலாம்." திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருப்பவர்கள் இந்தப் பேச்சைக் கேட்காத சீசனே இருக்காது. தூத்துக்குடி வழியாகக் கப்பலில் போகவேண்டிய சரக்கு, நூல் தாமதம், சாயம் தாமதம் என்று ஏதோ ஒரு காரணத்தால் லாரி ஏறி கோவை, கொச்சி, சென்னை, பெங்களூரு விமான நிலையங்களைத் தேடிப் போகும். தாமதம் கம்பெனி பக்கம் என்றால், ஏர் ஃப்ரெய்ட்டும் பெரும்பாலும் கம்பெனி தலையில்தான்.

அந்த பில்லில் இனி இன்னொரு செலவும் சேரப்போகிறது: விமானம் விடும் கார்பன் புகைக்கான செலவு.

என்ன மாறுகிறது?

சர்வதேச விமானங்களின் எரிபொருளில் 'சாஃப்' எனப்படும் பசுமை எரிபொருளை 2027-ல் 1%, 2028-ல் 2% கலக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023 நவம்பரில் இலக்கு வைத்தது; 2030-ல் 5% என்ற இலக்கு பின்னர் வந்தது. ஐரோப்பிய யூனியன் விமான நிலையங்களில் 2025 முதலே 2% கட்டாயம்; 2030-ல் அது 6%, 2050-ல் 70%. இதுபோக, சர்வதேச விமானங்களின் கார்பன் கணக்கைக் கட்டுப்படுத்தும் 'கோர்சியா' திட்டம் 2027 முதல் இந்தியாவுக்கும் பொருந்தும்.

சாஃப் என்பது என்ன?

பஜ்ஜி, வடை சுட்டு மிஞ்சிய எண்ணெய், விவசாயக் கழிவு, எத்தனால் போன்றவற்றிலிருந்து தயாராகும் விமான எரிபொருள். உற்பத்தி முதல் எரிப்பு வரை மொத்தமாகக் கணக்கிட்டால், கார்பன் வெளியேற்றம் 80% வரை குறையலாம். 2018-ல் ஸ்பைஸ்ஜெட் டேராடூன் - டெல்லி இடையே உயிரி எரிபொருள் கலந்து சோதனை விமானம் ஓட்டியது. 2023 மே மாதம் ஏர் ஏசியா இந்தியா, உள்நாட்டில் தயாரான சாஃப் கலந்து புனே - டெல்லி விமானத்தைப் பயணிகளுடன் இயக்கியது.

விமான நிறுவனங்களுக்கு என்ன வேலை?

சாஃபின் பெரிய வசதி, இன்ஜினையோ டேங்கையோ மாற்றவேண்டாம். வழக்கமான எரிபொருளோடு 50% வரை கலக்க அனுமதி உண்டு. ஆனால் நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தம் போட வேண்டும். எவ்வளவு கலந்தது, அந்தப் பலன் யார் கணக்கில் சேர்கிறது என்று ஆவணம் வைக்க வேண்டும். ஒரே லிட்டரை இரண்டு பேர் கணக்குக் காட்டிவிடக் கூடாது.

ஹைட்ரஜன் விமானம் அப்படியில்லை. திரவ ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் வைக்க வேண்டும். விமானம், விமான நிலைய டேங்க், நிரப்பும் குழாய், ஊழியர் பயிற்சி எல்லாமே புதுசு. 2035-ல் வரும் என்று சொன்ன ஏர்பஸ், 2025-ல் அந்தத் திட்டத்தைத் தள்ளிவைத்தது. ஆக, இந்தப் பத்தாண்டில் நம் சரக்கு ஏறப்போவது இன்றைய விமானங்களில்தான்.

பில்லில் எவ்வளவு ஏறும்?

சாஃப் விலை சாதாரண எரிபொருளைப்போல 2 முதல் 5 மடங்கு. 3 மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். 5% கலந்தால் எரிபொருள் செலவு 10% கூடும். விமான நிறுவனத்தின் மொத்தச் செலவில் எரிபொருள் 30% என்றால், மொத்தத்தில் 3% உயர்வு. தாங்கக்கூடியதுதான்.

ஆனால் அந்த 5% கலப்பால் அதிகபட்சம் குறைவது 4% கார்பன். அதே பெட்டி கப்பலில் போனால்? ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக, விமானம் கன்டெய்னர் கப்பலைவிடப் பல பத்து மடங்கு கார்பனை வெளியேற்றுகிறது. அதாவது, ஒரு ஷிப்மென்ட்டை ஏரிலிருந்து கப்பலுக்கு மாற்றினாலே அதன் போக்குவரத்துக் கார்பனில் 90 சதவீதத்துக்கு மேல் போய்விடும்.

இது ஏன் முக்கியம்? எச் அண்ட் எம் போன்ற பிராண்டுகள் 2030-க்குள் தங்கள் கார்பனை 2019 அளவிலிருந்து 56% குறைப்பதாக அறிவித்துள்ளன. சப்ளை செயினில் வரும் புகையும் இந்தக் கணக்கில் சேரும். இன்று ஃப்ரெய்ட் பில்லை மட்டும் பார்க்கும் பையர், நாளை அந்த ஷிப்மென்ட்டின் கார்பனையும் கேட்பார்.

திருப்பூருக்கு இது புதுசா?

இல்லை. நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஊரே தவித்தது. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத முறைக்கு மாறிய செலவை ஊர்தான் சுமந்தது. இன்று பையரிடம் பெருமையாகச் சொல்வதும் அதே முறையைத்தான். அன்று ஒப்பந்தத்தில் எழுதாத செலவை பையரிடம் கேட்க முடியவில்லை. இந்த முறை பேச நேரம் இருக்கிறது.

இப்போதே கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்

• தாமதத்துக்கு பையரின் அப்ரூவல் காரணம் என்றால், ஏர் ஃப்ரெய்ட்டும் கார்பன் கட்டணமும் யாருடையது? ஆர்டரிலேயே எழுதுங்கள்.

• பசுமை எரிபொருள் கட்டணம் என்று ஃபார்வர்டர் தனியாக வசூலித்தால், அதற்குச் சான்றிதழ் தருகிறாரா? அது யார் பெயரில்?

• இந்த சீசனில் எத்தனை ஷிப்மென்ட் ஏரில் போனது, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் தாமதமானது?

மூன்றாவது கேள்விக்கான பதில் வெளியே எங்கும் இல்லை. உங்கள் புரொடக்‌ஷன் ஷீட்டிலேயே இருக்கிறது. அதைத் திறந்து பார்க்க எந்தப் புது எரிபொருளுக்காகவும் காத்திருக்க வேண்டாம்.